கோலார் தங்கவயல் போகலாமா? கொழும்பிலிருந்து கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

போன தை மாதம் நானும் அக்காவும் ஆறு நாள் கோலார் தங்கவயல் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வருகிறவர்கள், வேலையிடத்து ஆட்கள், கோயிலில் சந்திக்கிறவர்கள், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், முக்கால்வாசி ஒரே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

அது எங்கே இருக்கிறது? அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தமிழ்நாட்டு எல்லையும் ஆந்திர எல்லையும் பக்கத்திலேயே இருக்கின்றன. 1880 முதல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி தங்கம் தோண்டிய இடம். பிறகு 1956இல் மைசூர் அரசு எடுத்தது, 1962இல் மத்திய அரசு எடுத்தது, 2001 பெப்ரவரி 28ஆம் திகதி மூடிவிட்டார்கள். 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்திருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் பத்துக் கோடிப் பவுண்.

பார்க்க என்ன என்றால், பழைய சுரங்கக் கோபுரங்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், மலை போலக் குவிந்த மண்மேடுகள், சோழர் கல்வெட்டுள்ள கோயில், பாறைக்குள் ஓடும் ஊற்று, கடலுக்கடியில் உறைந்த எரிமலைக் குழம்பு. இதெல்லாம் ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் இருக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆட்களைத்தான். ஏன் என்று கீழே நீளமாகவே எழுதியிருக்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

சினிமாவில் பார்த்தோமே, அப்படித்தான் இருக்குமா? ஆளில்லாத பாழடைந்த ஊர் என்கிறார்களே?

இல்லை. சினிமாவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள், நம் புறக்கோட்டை மாதிரி தோள் இடிக்கும் கூட்டம். பள்ளிக்கூடம், கல்லூரி, மாதா கோயில், மசூதி, பொங்கலுக்கு மண்பானை விற்கிறவர்கள், எல்லாம் இருக்கிறது. சுரங்கம் செத்தது உண்மை, ஊர் சாகவில்லை. விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு மாரிகுப்பம் ஸ்டேஷனில் போய் நின்றால் தெரியும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற சனம் ரயில் நிறைய ஏறுகிறது, போர்வையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறார்கள். திரும்பி வர இரவாகிவிடும். அப்பா, தாத்தா பூமிக்குள் இறங்கினார்கள், பிள்ளைகள் ரயிலேறுகிறார்கள் என்று ஒரு டீக்கடைக்கார அண்ணன் சொன்னார்.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா?

முடியாது. மூடியபின் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டார்கள், உள்ளே நீர் நிரம்பிக் கிடக்கிறது. சுரங்க வளாகங்களுக்குக் காவல் உண்டு, அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. யாராவது தெருவில் வந்து “ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், உள்ளே காட்டுகிறேன்” என்றால் போகவே போகாதீர்கள். மூடாத குழிகள் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன.

வெளியிலிருந்து பார்க்கலாம். தண்டவாளத்தில் வரும்போதே சுரங்க வாய்க்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்கள் தெரியும், உச்சியில் பெரிய சக்கரங்களோடு. அந்தச் சக்கரத்தில் ஓடிய கம்பிக் கயிறுதான் ஆட்களைக் கூண்டில் வைத்து இறக்கியது. எவ்வளவு ஆழம்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர். நம் பிதுருதலாகலை 2,524 மீட்டர், அதைத் தலைகீழாகத் திருப்பி அந்தக் குழிக்குள் இறக்கினாலும் அடியில் அறுநூறு மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் வேலை வாங்கினார்கள். ஓய்வு பெற்ற ஒரு ஐயா திண்ணையில் உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினார், உள்ளங்கை முழுக்க நீல நிறக் கீறல்கள், கல்தூள் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். “பாறை வெடிக்கிறதுதான் பயம். மேலே வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும், பொம்பளைங்க உடனே சுரங்க வாசலுக்கு ஓடுவாங்க” என்றார். அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். இருமல் வந்து இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பேசினார். கல்தூசி நெஞ்சில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் அங்கே பல வீடுகளில் இருந்த நோய்.

அந்த ஆழத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகிற நுண்துகளை விண்வெளிக் கதிர்களின் தொந்தரவு இல்லாமல் பிடிக்க ஆழமான இடம் வேண்டும். மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இந்தச் சுரங்கத்துக்குள் கருவிகளை வைத்தன. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகத்தில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று இது, 1965இல்.

அந்த வெள்ளை மலைகள் என்ன? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறலாமா?

அதைத்தான் அங்கே சயனைட் மேடு என்கிறார்கள். தோண்டியெடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் ஊறவிட்டுத் தங்கத்தைக் கரைத்து எடுப்பார்கள். மிஞ்சுகிற மாவுமண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள், நூறு வருடமாக. இப்போது 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஒரு பாலைவனத்தைத் தூக்கி வைத்த மாதிரி. மழைத்தண்ணீர் ஓடி ஓடி அறுத்த சின்னச் சின்னப் பள்ளங்கள், அந்தி வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு நிறம். பல தமிழ், கன்னடப் படங்களில் இதன் மேல்தான் பாட்டுக் காட்சி எடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளோடு ஏறுவதைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். மண் முகப்பவுடர் மாதிரி மெல்லியது, நான் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றதற்கே செருப்பு விரல் இடுக்கெல்லாம் சாம்பல் பூசிவிட்டது, அக்காவின் கறுப்புக் கைப்பைக்கு நிறமே மாறிவிட்டது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி ஊருக்குள் பறக்கிறது, துணி காயப்போட முடியவில்லை, சாப்பாட்டை மூடாமல் வைக்க முடியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். அங்கேயே வாழ்கிறவர்கள் வருடக்கணக்காகச் சுவாசிக்கிற தூசி அது. நாம் சும்மா ஒரு செல்ஃபிக்காக அதில் சறுக்கி விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோட்டிலிருந்தே நன்றாகத் தெரியும், படமும் நன்றாக வரும், முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வரலாறு சம்பந்தமாக எதைப் பார்க்கலாம்?

நடந்தே நிறையப் பார்க்கலாம். துரைமார் இருந்த பங்களாக்கள், ஓட்டுக்கூரை, முன்னால் பெரிய மரம், நுவரெலியா பங்களாவைப் பார்த்த கண்ணுக்கு உடனே அடையாளம் தெரியும். அவர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றே சொன்னார்கள். கிளப், கோல்ஃப் மைதானம், சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா கோயில். பங்காரப்பேட்டையிலிருந்து பிரிந்து வரும் கிளை ரயில் பாதை 1894இல் போட்டது; கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று அந்தச் சின்ன ஸ்டேஷன் பெயர்களே ஒரு சரித்திரம். ஒரு தடவையாவது அந்த ரயிலில் கடைசி வரை போங்கள்.

மின்சாரக் கதையும் சொல்ல வேண்டும். 1902இல் காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தது இந்தச் சுரங்கத்துக்காகத்தான். அந்நாளில் உலகத்திலேயே மிக நீளமான மின்வழிகளில் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல். ஆனால் கூலிக்காரர் வீட்டில் அந்த வெளிச்சம் எப்போது வந்தது என்று அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

நமக்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் போனேன்.

என் பாட்டியின் ஆட்கள் வடாற்காட்டுப் பக்கமிருந்து வந்து ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியவர்கள். அதே வடாற்காடு, சேலம், தர்மபுரி ஊர்களிலிருந்துதான் தங்கவயலுக்கும் ஆள் போனது. அதே பஞ்சம், அதே சாதிக் கொடுமை, நிலமில்லாத அதே சனம். ஒரு குடும்பத்தில் ஒருவர் தோணியேறித் தேயிலைக்கு வந்தார், இன்னொருவர் நடந்தோ ரயிலேறியோ சுரங்கத்துக்குப் போனார். பாட்டி உயிரோடு இருந்தவரை “எங்க சின்னையா தங்கவயலுக்குப் போயிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது ஏதோ கதையில் வரும் ஊர் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அங்கே போனால் லைன் வீடுகள். லைன் என்றேதான் சொல்கிறார்கள், நம் தோட்டத்து லயன்தான். முதலில் மூங்கில் தட்டி கட்டிய குடிசைகளாக இருந்து பிறகு கல்லும் ஓடுமாக மாறியவை. பத்தடிக்குப் பத்தடி போல ஒரு அறை, முன்னால் குனிந்து நுழைகிற தாழ்வாரம், பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும் சுவர். ஒரு அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். அக்கா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம வீடுதாண்டி” என்று சொல்லி அழுதுவிட்டாள். பாட்டி வாழ்ந்த லயத்தில் எங்கே சாமிப் படம் இருந்ததோ அதே மூலையில் அங்கேயும் இருந்தது. இந்த வீட்டுக்கு உறுதி எப்போது எங்கள் பெயரில் வரும் என்று டீ கொடுத்த அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அதே கேள்வியை நான் மஸ்கெலியாவிலும் கேட்டிருக்கிறேன், ஹப்புத்தளையிலும் கேட்டிருக்கிறேன்.

லைன் பக்கம் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கேமராவைப் பைக்குள் வையுங்கள், “அம்மா, நாங்க சிலோனிலிருந்து வந்திருக்கோம்” என்று சொல்லுங்கள். இலங்கை என்பதைவிடச் சிலோன் என்றால்தான் வயதானவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. பேச்சு தானாக வரும். அதற்குப் பிறகு படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கொழும்போடு நேரடியாக ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1898இல், சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய தமிழ்நாட்டுப் பண்டிதர் அயோத்திதாசர், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்கொட்டோடு கொழும்புக்கு வந்து, மாளிகாகந்தை வித்யோதயப் பிரிவெனாவில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானார். நாம் மருதானைப் பக்கம் போகும்போது தாண்டிப் போகிற அதே இடம். அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயல் தொழிலாளர் நடுவே ஆழமாக வேர்விட்டது, மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தமிழ்ப் பௌத்தர்கள் இருந்தார்கள். அவருடைய எழுத்துகளைப் பின்னாளில் அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள், இருட்டுக்குள் இறங்கிக் கல்லுடைத்துவிட்டு வந்து, கூலிக் காசில் தமிழ்ப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மண்ணை ஒருதடவை மிதித்துவிட்டு வரலாம்.

இயற்கை இடங்கள்?

கோலார் நகரத்தை ஒட்டி அந்தரகங்கை மலை இருக்கிறது, தங்கவயலிலிருந்து 30 கிலோமீட்டர் சுமார். சில நூறு படி ஏறினால் காசி விஸ்வேஸ்வரர் கோயில், அங்கே கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுத்தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கையில் ஏந்தினால் சில்லென்று இருக்கும். அதற்கு மேலே பாறைகள், யானை யானையாக ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, நடுவில் ஊர்ந்து போகிற குகைகள். மேலே போவதென்றால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழி குழப்பும். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், தண்ணீர்ப் போத்தலைக்கூட விடாது.

தங்கவயலுக்குப் பக்கத்தில் பெத்தபள்ளியில் எரிமலைக் கற்கள் இருக்கின்றன, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய புவியியல் சின்னமாக அறிவித்த இடம். நீருக்கடியில் வெளிவந்த எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து தலையணை தலையணையாக உறைந்தது, அதனால் தலையணைக் குழம்பு என்றே பெயர். ஏறக்குறைய 270 கோடி வருடப் பழசு. இந்தக் கற்பட்டையில்தான் வெள்ளைக் கல் நரம்புகளாகத் தங்கமும் ஓடியது, ஆகவே தங்கம் ஏன் அங்கே வந்தது என்பதற்குப் பதில் அந்த இடத்தில் கண்ணெதிரே இருக்கிறது. பார்க்க ஆடம்பரமாக ஒன்றுமில்லை, விஷயம் தெரிந்து பார்த்தால் சிலிர்க்கும்.

பேத்தமங்கலம் ஏரிக்கு மாலையில் போங்கள். பாலாற்றுத் தண்ணீர், சுரங்க ஊருக்குக் குடிநீர் கொடுத்தது. இந்தப் பாலாறுதான் கீழே வேலூர் பக்கம் மணலாகக் கிடப்பது.

அப்புறம், பார்க்கப் போகக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். ஹனுமனஹள்ளி என்ற கிராமத்தில் ஒரு குகையில் கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. உலகத்தில் இப்போது அது இருப்பதாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான், இருநூறு வௌவால் இருந்தாலே பெரிது. பக்கத்தில் கருங்கல் உடைத்து உடைத்து அதன் வாழிடம் போய்விட்டது. அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

கோயில்கள்? அம்மா அப்பாவைக் கூட்டிப் போக வேண்டும்.

பெரியவர்களுக்குப் பிடித்தது கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர், தங்கவயலுக்கு மிக அருகில். 108 அடி லிங்கம், எதிரே 35 அடி நந்தி, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சின்னதும் பெரிதுமாக லிங்கங்கள், பக்தர்கள் தங்கள் பேரில் வைத்தவை. புதுக் கோயில்தான், 1980 வாக்கில் தொடங்கியது. நடக்கச் சமதரை, வெயில் மட்டும் சுடும், கல்லில் கால் வைக்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள்.

எனக்குப் பிடித்தது கோலார் நகரத்துக் கோலாரம்மன் கோயில். பழைய பெயர் குவளாலம், கங்க அரசர்களின் தலைநகர். சோழர் பிடித்தபின் இந்தப் பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். கோயில் சுவரில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, விரலால் தொடர்ந்தால் சில எழுத்து நமக்கே பிடிபடும். பொலன்னறுவை வானவன்மாதேவி ஈஸ்வரத்தில் இருக்கிற அதே காலத்து எழுத்து. ஒரே அரசு இரண்டு பக்கமும் கல்லில் எழுதிவைத்திருக்கிறது.

ஆவணி என்ற ஊருக்கும் போகலாம். நொளம்ப அரசர்கள் காலத்து ராமலிங்கேஸ்வரர் கோயில்கள், பத்தாம் நூற்றாண்டு, ராமர், லட்சுமணர், பரதர், சத்ருக்கனர் பேரில் தனித்தனி லிங்கம். மலைமேல் சீதைக்குக் கோயில். ராமர் அனுப்பிவிட்டபின் சீதை வந்து லவகுசரைப் பெற்ற இடம் என்று நம்புகிறார்கள். சீதா எலிய அம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு, அவளுடைய கதையின் அடுத்த பாகம் அங்கே இருக்கிறது. மலை ஏற முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். குருடுமலையில் ஒரே கல்லில் 13 அடிப் பிள்ளையார். நேரம் இருந்தால் பூதிக்கோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர்.

எப்படிப் போவது? எத்தனை நாள்?

கொழும்பிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம், ஒன்றரை மணித்தியாலம் போல. விசாவை முன்னாலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து கார் பிடித்தால் பெங்களூர் நகரத்துக்குள் நுழையாமலே கோலார் போகலாம், இரண்டு மணித்தியாலம் சுமார். சென்னை வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம், பெங்களூர் ரயில்கள் பல பங்காரப்பேட்டையில் நிற்கும், அங்கே மாறிவிடலாம். மூன்று முழு நாள் போதும். லைன் ஆட்களோடு பேசுவதற்காக ஒரு நாளைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நல்ல காலம், விடியலில் குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். சித்திரை வெயிலில் போக வேண்டாம்.

மொழி, சாப்பாடு?

தமிழ் போதும். தங்கவயலுக்குள் தமிழ்தான் அதிகம், கூடவே தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் ஆங்கிலம், எல்லாம் கலந்த பேச்சு. கோலார் நகரத்தில் கன்னடம். முல்பாகல் பக்கம் போனால் அங்கத்துத் தோசையை விடாதீர்கள், தடிப்பாக, ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே சிவப்புச் சட்னி தடவி வெண்ணெய் வைத்துத் தருவார்கள். வெள்ளவத்தைத் தோசை வேறு, அது வேறு. தங்குவதற்குக் கோலாரிலோ பங்காரப்பேட்டையிலோ அறை எடுப்பது வசதி.

அங்கே தங்கம் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்காது, தங்கவயல் கடைகளிலும் ஊர் விலைதான். நகை வாங்குவதென்றால் நம் செட்டியார் தெரு போதும். தெருவில் யாராவது தங்கக் கல் என்று காட்டினால் வாங்காதீர்கள். அந்த டீ கொடுத்த அம்மா எங்களுக்கு ஒரு பை நிறைய நிலக்கடலை கட்டிக் கொடுத்தார், அவர் வீட்டுப் பின்னால் விளைந்தது, அதை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அந்தச் சின்னையாவின் வழியில் வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் லைன் லைனாக விசாரித்துக்கொண்டிருக்கிறார், போன கிழமைகூட அக்காவுக்குப் பேசினார்.